வெற்றியில் நம்மவர், தோல்வியில் வந்தேறி

2018 உலகக் கோப்பைக் கால்பந்தில் ஜெர்மனி முதல் சுற்றோடு மூட்டை கட்டியது. அடுத்த மாதமே துருக்கிய வம்சாவளி வீரர் மெசுத் ஓசில் தேசிய அணியிலிருந்து விலகினார். துருக்கி அதிபர் எர்டோகானுடன் அவர் எடுத்துக்கொண்ட படம் அதற்கு முன்பே சர்ச்சையாகியிருந்தது. ‘ஜெயித்தால் நான் ஜெர்மானியன், தோற்றால் குடியேறி’ என்று விலகும்போது எழுதினார். அவர் பிறந்தது ஜெர்மனியின் கெல்சன்கிர்ஷன் நகரில். 2014இல் கோப்பையை வென்ற அணியிலும் ஆடியவர். மனக்கசப்பில் சொன்னது என்று இதை ஒதுக்கிவிட முடியாது. இதன் அடியில் ஓடும் மனப்போக்கை உளவியலாளர்கள் வெகுகாலம் முன்பே அளந்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் ராபர்ட் சியால்டினியும் சகாக்களும் 1976இல் வெளியிட்ட ஆய்வு அது. பல்கலைக்கழக அணி வார இறுதியில் ஜெயித்திருந்தால், திங்கட்கிழமை வகுப்புக்குப் பல்கலைக்கழகப் பெயர் பொறித்த சட்டையில் வரும் மாணவர்கள் கூடினார்கள். தொலைபேசியில் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டபோது, வென்றதென்றால் ‘ஜெயித்தோம்’ என்றும் தோற்றதென்றால் ‘தோற்றார்கள்’ என்றும் சொல்லும் போக்கு தெரிந்தது. சற்றுமுன் வளாக வாழ்க்கை பற்றிய ஒரு சிறு தேர்வில் சொதப்பிவிட்டதாகச் சொல்லப்பட்டவர்களிடம் இந்தப் போக்கு இன்னும் தூக்கலாக இருந்தது. அடிபட்ட தன்மதிப்புக்கு அடுத்தவர் அடித்த கோல் மருந்தாகிறது.

தோற்ற கல்லூரியின் சட்டையைக் கழற்றி வைத்துவிடலாம். நாட்டை அப்படிக் கழற்ற முடியாது. ஆகவே ரசிகர் தான் வெளியேறுவதற்குப் பதிலாக வேறொருவரை வெளியேற்றுகிறார் என்பது என் வாசிப்பு. பெயரோ தோலின் நிறமோ தாத்தாவின் ஊரோ அதற்கு வசதியான பிடியாகிவிடுகிறது. 2021 ஐரோப்பியக் கோப்பை இறுதியில் பெனால்டியைத் தவறவிட்ட இங்கிலாந்தின் ராஷ்போர்ட், சான்சோ, சாகா மூவரும் கறுப்பின வீரர்கள். சமூக வலைதளங்களில் இனவெறி வசை கொட்டியது அன்றிரவே.

இந்த எல்லைக்கோடு நகரக்கூடியது என்பதுதான் சுவாரசியம். மார்க் லெவினும் சகாக்களும் 2005இல் வெளியிட்ட சோதனையில், மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள் நடந்துபோகும் வழியில் ஓடிவரும் ஒருவர் சறுக்கி விழுந்து கணுக்காலைப் பிடித்துக்கொண்டு முனகுவார். தங்கள் அணியின் சட்டை என்றால் ஓடிப்போய்த் தூக்கினார்கள். பரம வைரியான லிவர்பூலின் சட்டை என்றால் பெரும்பாலோர் கண்டுகொள்ளவில்லை. இன்னொரு குழுவிடம் முதலில் ‘கால்பந்து ரசிகர்’ என்ற பொது அடையாளத்தைப் பற்றிப் பேசவைத்தபோது லிவர்பூல் சட்டைக்கும் உதவி கிடைத்தது. எந்த அணியையும் சேராத சாதாரணச் சட்டைக்காரருக்குப் பெரும்பாலும் கிடைக்கவில்லை! வட்டம் விரிந்தது, வெளியே நிற்க அப்போதும் ஒருவர் இருந்தார். தேசியமும் இப்படித்தான் வேலை செய்கிறது.

எகிப்தின் முகமது சலா 2017இல் லிவர்பூலில் சேர்ந்தபின், லிவர்பூல் நகரம் அடங்கிய மெர்சிசைடு பகுதியில் வெறுப்புக் குற்றங்கள் அவர் வராதிருந்தால் இருந்திருக்கக்கூடிய அளவைவிட 16 சதவீதம் குறைந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. இஸ்லாமியர் என்ற அடையாளத்தை மறைக்காமல், கோல் அடித்ததும் தரையில் நெற்றி பதிப்பவர் சலா. நல்ல செய்திதான். ஆனால் முதல் லீக் பருவத்திலேயே அவர் 32 கோல் அடித்திருந்தார். கோல் வறண்ட பருவத்தில் அந்த 16 என்னவாகும் என்பது வேறு கணக்கு.