பனிச்சறுக்குக்கு நாடு தேடும் முன் மாதத்தைப் பாருங்கள்

கும்பகோணத்தில் டிராவல்ஸ் நடத்துகிறேன். நவக்கிரகக் கோயில் வேன் புக்கிங்குகளுக்கு நடுவே, "பனிச்சறுக்கு போகணும் சார், எந்த நாடு நல்லா இருக்கும்?" என்று கேட்டு வருபவர்களும் இப்போது உண்டு. அரிசி ஆலைக்காரர்கள், மருத்துவர்கள், புதுமணத் தம்பதிகள். பேச்சு பெரும்பாலும் சுவிட்சர்லாந்தில் தொடங்கி மே மாதத்தில் போய் நிற்கும். சிக்கலே அங்கேதான்.

ஆல்ப்ஸ், கனடா, ஜப்பான் எல்லாம் டிசம்பரிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை. நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, சிலி ஜூன் நடுவில் திறந்து செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ முடித்துக்கொள்ளும். நம் பிள்ளைகளுக்கு முழுப் பரீட்சை முடிந்து கிடைக்கும் லீவு, சரியாக இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. மே மாதத்திலும் சறுக்க முடியும் என்று யாராவது சொன்னால் பொய்யில்லை; சுவிட்சர்லாந்தின் செர்மாட் போன்ற பனியாற்று இடங்களில் முடியும். ஆனால் அங்கே மேல் நிலையம் 3,883 மீட்டர் உயரம். கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர்கூட ஏறாத டெல்டாக்காரர், முதல்முறை சறுக்குப் பலகை மாட்டிக்கொள்ளும் இடமா அது? 2,500 மீட்டருக்கு மேல் போனாலே சிலருக்குத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்துவிடும்.

அதனால் தமிழ் மாதத்தை வைத்தே கணக்குப் போடச் சொல்கிறேன். தை முகூர்த்தத்தில் கல்யாணம் முடித்தவர்களுக்கு ஆல்ப்ஸ், கனடா, ஜப்பான் எல்லாமே திறந்திருக்கும். நிலம் வைத்திருப்பவர்கள் சம்பா அறுப்பை விட்டுவிட்டுக் கிளம்ப மாட்டார்கள், அவர்களுக்கு மாசி. அரையாண்டு லீவில் போனால் கிறிஸ்துமஸ் கூட்டத்தோடு கட்டணமும் உச்சத்தில் இருக்கும், தாழ்ந்த சரிவுகளில் பனி சேராமலும் போகலாம். ஆடியில் முகூர்த்தம் இல்லை. கல்யாண மண்டபம், நாதஸ்வரம், சமையல் தொழிலில் இருப்பவர்களுக்கு ஓய்வு. அப்போதுதான் நியூசிலாந்தில் பனி நன்றாக நிற்கும். காலாண்டு லீவு அங்கே பருவத்தின் வால் பகுதி. மதியத்துக்கு மேல் பனி சொதசொதவென்று ஆகிவிடும். ஒன்று சொல்லிவிடுகிறேன்: நியூசிலாந்தின் குவீன்ஸ்டவுனில் தங்குவது ஊருக்குள். சறுக்குவதற்குக் கரோனெட் பீக் போன்ற மலைகளுக்குத் தினமும் வண்டியில் ஏறி இறங்க வேண்டும். ஜன்னலைத் திறந்தால் பனி என்று கற்பனை செய்துகொண்டு போனால் ஏமாற்றம்தான்.

முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது ஜப்பானில் ஹொக்கைடோ தீவின் நிசேகோ. சைபீரியக் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து அங்கே பனியை மாவாகக் கொட்டுகிறது. விழுந்தாலும் அடி குறைவு. மலையின் உச்சியே 1,308 மீட்டர்தான், மூச்சுத் திணறல் பயம் இல்லை. சைவச் சாப்பாடுதான் கஷ்டம். சமையலறை உள்ள அறையாகப் பார்த்து எடுத்தால் சாதம் வடித்துக்கொள்ளலாம்.

அவ்வளவு தூரம் போய், முதல் நாளே "எனக்கு இது ஒத்துவராது" என்று ஹோட்டலில் உட்கார்ந்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் முதலில் நம் காஷ்மீரின் குல்மார்க். அதுவும் 2,650 மீட்டர். வந்த அன்றே கோண்டோலா என்ற ரோப் காரில் அபர்வாட் மலைக்கு ஏறாமல், கீழ்ச் சரிவில் பழகுங்கள்.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் மட்டும் நான் கறார். சுவிட்சர்லாந்து உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்பதால் எல்லோரும் எடுத்துவிடுகிறார்கள். ஆனால் சாதாரண பாலிசிகள் பலவற்றில் பனி விளையாட்டுக்கு இடமே இல்லை. தனியாகச் சேர்க்க வேண்டும். சேர்த்தாலும், குறியிட்ட பாதையை விட்டு விலகிச் சறுக்கினால் உண்டா இல்லையா என்று எழுத்தில் பாருங்கள்.

வாடகைக் கடையில் உயரம், எடை, வயது, அனுபவம் கேட்பார்கள். காலணியைப் பலகையோடு பிடித்திருக்கும் பூட்டை அதை வைத்துத்தான் முடுக்குவார்கள். கூச்சப்பட்டு எடையைக் குறைத்துச் சொன்னால் பூட்டு நடுவழியில் கழன்றுகொள்ளும். கெத்துக்காக "நல்லா வரும்" என்றால், விழும்போது கழலாமல் முட்டியைத் திருகிவிடும்.