கருப்பொருள் என்பது ‘தீம்’ அன்று

சேலத்துச் சிறுகதைப் பயிலரங்குகளில் ‘இக்கதையின் கருப்பொருள் என்ன?’ என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. தனிமை, துரோகம், தாய்மை என்று ஏதேனும் ஒன்றை விடையாக எதிர்பார்க்கிறார்கள். ஆங்கிலத்தின் ‘தீம்’ (theme) என்பதற்கு இச்சொல்லை நிகராக்கியது பிழை.

‘தீம்’ கிரேக்க வழிச் சொல். ‘வைக்கப்பட்டது’, அதாவது பேசுவதற்கென முன்வைத்த பொருள், என்பது அதன் மூலக்கருத்து. கருப்பொருளுக்கோ தமிழில் வேறு பொருள் முன்பே உண்டு. அகப்பாட்டின் இலக்கணம் கூறும் தொல்காப்பிய அகத்திணையியல், பாட்டின் பொருளை ‘முதல்’, ‘கரு’, ‘உரி’ என மூன்றாகப் பகுத்து, நிலத்தையும் பொழுதையும் முதல் என்கிறது. ‘தெய்வம் உணாவே மாமரம் புட்பறை செய்தி யாழின் பகுதியொடு தொகைஇ அவ்வகை பிறவும் கருவென மொழிப’ என்கிறது. அதாவது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவை கரு. மாந்தரின் அக ஒழுக்கமே உரி.

ஏற்காட்டில் நடக்கும் கதை ஒன்றைக் கருதுவோம். மலையும் கார்த்திகை மாதத்து நள்ளிரவும் முதற்பொருள். சேர்வராயன் சாமி, சாமைச்சோறு, காட்டெருமை, சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக்கொடி, காப்பிப்பழம் பறிக்கும் வேலை ஆகியவை கருப்பொருள். காப்பி தொல்காப்பியர் அறியாத பயிர் என்பார்க்கு ‘அவ்வகை பிறவும்’ என்பதே விடை. திருப்பூருக்கு வேலைக்குப் போன கணவனுக்காக ஒருத்தி ஆற்றியிருப்பதே உரிப்பொருள். அவளைக் கடற்கரை ஊரில் குடியேற்றினால் சாமையும் காட்டெருமையும் கதையை விட்டு நீங்கும். அந்தக் காத்திருப்பு நீங்காது. உரிப்பொருள் அல்லாதவை ஒரு திணையிலிருந்து மற்றொன்றில் மயங்கலாம், அதாவது கலக்கலாம், என்னும் தொல்காப்பிய இலக்கணமும் இதைத்தான் சொல்கிறது. ஆகவே ‘தீம்’ என்பதற்கு நேரான தமிழ் உரிப்பொருளே.

புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்னும் ஐந்துக்கே அச்சொல் உரியது என்று சிலர் மறுக்கிறார்கள். பழஞ்சொல்லின் எல்லையை அதன் இயல்பு கெடாமல் விரிப்பது வேறு, கருவை உரியின் இடத்தில் அமர்த்துவது வேறு. முன்னதில் பொருள் வளர்கிறது. பின்னதில், குறுந்தொகைப் பாட்டின் கருப்பொருளைக் கேட்டால் மாணவர் ‘காதல்’ என்று எழுதிவிட்டு, பாட்டிலுள்ள சுனையையும் குரங்கையும் வெறும் வருணனை என்று கடந்துவிடுகிறார். ‘மையக்கருத்து’ என்பாரும் உளர். அது கதையிலிருந்து ஒரு நீதியைப் பிழிந்தெடுக்கத் தூண்டும் சொல். கதை தோன்றிய முதற்பொறியைக் ‘கதைக்கரு’ என்பதில் எனக்கு மறுப்பில்லை; கருக்கொள்ளுதலின் பொருள் அங்கே பொருந்துகிறது.

செய்தி மொழிபெயர்ப்பாளர்கள் இன்று சுற்றுச்சூழல் நாளுக்கும் மாநாட்டுக்கும்கூட ‘இவ்வாண்டின் கருப்பொருள்’ என்று எழுதுகிறார்கள். அங்கே உரிப்பொருளும் வேண்டா. ‘மையப்பொருள்’ என்றாலே போதும்.