கிருமிக்கு ஏது ‘எதிர்ப்பு சக்தி’?

அஸ்தம்பட்டியில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு வயிற்றுப் புண். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமிக்காகப் பதினான்கு நாள் மாத்திரை விழுங்கியும் அது போகவில்லை. எண்டோஸ்கோப்பியில் எடுத்த திசுத்துணுக்கு சோதனைக்குப் போனது. திரும்பி வந்த தாளில் யாரோ புண்ணியவான் தமிழிலும் எழுதியிருந்தார்: ‘கிளாரித்ரோமைசின் – எதிர்ப்பு சக்தி உள்ளது.’ கிளாரித்ரோமைசின் அவர் விழுங்கிய மாத்திரைகளில் ஒன்று.

பெரியம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. “எனக்கு எதிர்ப்பு சக்தி இருக்கிறதாம் கண்ணு, இனிமேல் மாத்திரை எதற்கு?” என்றார்.

அவர் மீது பிழையில்லை. மருந்துக்குக் கிருமி அடங்காததை ஆங்கிலத்தில் ரெசிஸ்டன்ஸ் என்பார்கள்; அது ‘எதிர்த்து நிற்றல்’ என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து வந்த சொல். ‘எதிர்ப்பு’ அகராதிப்படி சரிதான். ஆனால் ‘எதிர்ப்பு சக்தி’யை நெல்லிக்காய்க்கும் கபசுரக் குடிநீருக்கும் எழுதிக் கொடுத்து வெகுகாலம் ஆயிற்று. அது உடம்பின் சொத்து, இருந்தால் நல்லது. தாளில் இருந்ததோ கிருமியின் சொத்து. கிருமியின் மரபுப்பொருளில் ஒரே ஓர் எழுத்து மாறினாலே போதும், கிளாரித்ரோமைசின் பற்ற வேண்டிய இடத்தில் பற்றாமல் வழுக்கிவிடும். பெரியம்மாவின் உடம்புக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

ஏற்காட்டில் எனக்கு ஒரு நண்பர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ‘எதிருயிரி எதிர்ப்பு’ என்று போட்டால் தீர்ந்தது என்கிறார். தீராது. ஆன்டிபயாட்டிக் என்பதன் கிரேக்க உறுப்புகளைப் பிய்த்து ஒட்டிய சொல் ‘எதிருயிரி’. புதிதாகப் படிப்பவருக்கு அது எதிரியான ஓர் உயிர், அதாவது கிருமி. மருந்தின் பெயர் கிருமியின் பெயராகக் கேட்டால் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதன் முதுகில் இன்னொரு ‘எதிர்ப்பு’ வேறு. எதிரியை எதிர்ப்பதா, எதிர்ப்பை எதிர்ப்பதா? ‘நுண்ணுயிர் எதிர்ப்பி எதிர்ப்பு’ என்று அச்சிடுபவர்களும் இருக்கிறார்கள். அதை வாய்விட்டு மூன்று முறை சொல்லிப் பார்க்கட்டும். ‘தாங்குதிறன்’ நல்ல சொல், ஆனால் மருந்தில் வளராமல் சாகாமல் சிலகாலம் தாக்குப்பிடிப்பதை நுண்ணுயிரியலில் தனியாகப் பிரித்துச் சொல்கிறார்கள். அதற்கு இதை விட்டுவைக்க வேண்டும்.

என் சொல் ‘மருந்துக்கு மசியாமை’. கீரைக்கும் பருப்புக்கும் உரிய சொல்லை அறிவியலுக்குக் கொண்டுவருவதா என்று நண்பர் முகம் சுளித்தார். கொண்டுவரத்தான் வேண்டும். உப்புத் தண்ணீரில் துவரம்பருப்பு மசியாமல் கிடப்பதை ஆழ்குழாய்த் தண்ணீரில் சமைத்தவர்கள் அறிவார்கள். யாருக்கும் மசியாத ஆள் என்றாலும் எல்லோருக்கும் புரிகிறது. ‘கிருமி கிளாரித்ரோமைசினுக்கு மசியவில்லை’ என்று எழுதியிருந்தால் பெரியம்மா அடுத்த மருந்து எது என்றுதான் கேட்டிருப்பார்.

கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான். திசுத்துணுக்கிலிருந்து இந்தக் கிருமியை வளர்ப்பது எளிதல்ல; ஆக்சிஜன் குறைந்த காற்றில் பல நாள் காத்திருக்க வேண்டும். பிறகு மருந்தைப் படிப்படியான அளவுகளில் ஏற்றிய பட்டையை வைத்து, வளர்ச்சி எங்கே நிற்கிறது என்று பார்க்கிறார்கள். கிளாரித்ரோமைசினைப் பொறுத்தவரை, லிட்டருக்கு 0.25 மில்லிகிராமுக்கு மேலும் வளர்ந்தால் மசியாத கிருமி என்பது ஐரோப்பியக் கணக்கு. அப்படி வந்தபின் அந்த மருந்து சேர்ந்த மும்மருந்துச் சிகிச்சையைத் திரும்பக் கொடுப்பதில் பயனில்லை. பிஸ்மத் என்ற உலோகத்தின் உப்பு சேர்ந்த நான்மருந்துக்கு மாறுவார்கள். அந்த நான்கில் ஒன்றான மெட்ரோனிடசோலின் கதை கொஞ்சம் வேறு: சோதனையில் மசியாவிட்டாலும், பிஸ்மத்துடன் போதிய அளவில் போதிய நாள் கொடுத்தால் பலமுறை வேலை செய்துவிடுகிறது. பெரியம்மாவுக்கு இப்போது அந்த நான்குதான் நடக்கிறது. பிஸ்மத்தால் மலம் கறுப்பாகப் போகும் என்பதை மருத்துவர் முன்பே சொல்லியிருந்ததால் பயம் இல்லை.

இந்தச் சோதனைக்கு ‘உணர்திறன் சோதனை’ என்று ஒரு பெயர் புழங்குகிறது. கிருமிக்கு உணர்ச்சி இருக்கிறதா என்று கிள்ளிப் பார்ப்பதுபோல் இருக்கிறது. ‘மருந்து மசிவுச் சோதனை’ என்று நான் எழுதுகிறேன். நண்பர் இன்னும் ஒப்பவில்லை. ஆனால் அந்தத் தாளின் தலைப்பைக் காட்டியபோது அவரும் நானும் ஒன்றாகவே தலையில் அடித்துக்கொண்டோம். கிருமி வளர்ப்புக்கு ஆங்கிலத்தில் ‘கல்ச்சர்’; அங்கே போட்டிருந்த பெயர், ‘கலாச்சார அறிக்கை’.