பில்லில் யார் பெயர்? பிரிட்டனில் குளிர்கால ஹீட்டிங் உதவிகள்

அக்டோபர் கடைசி வந்தால் எங்கள் லண்டன் வீட்டில் வழக்கு தொடங்கிவிடும். ஹீட்டிங்கைப் போடுவதா, இன்னொரு ஸ்வெட்டரைப் போடுவதா? அம்மா சால்வையைக் காதுவரை இழுத்துக்கொண்டு, "எனக்குக் குளிரவில்லை" என்பார். விரலைத் தொட்டால் பனிக்கட்டி.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசு மூன்று வழிகளில் உதவுகிறது. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, வரவேண்டிய பணத்தை விட்டுவிடுபவர்கள் நம்மவர்களில் பலர். ஒன்று வயதைப் பார்க்கிறது, ஒன்று பில்லில் உள்ள பெயரைப் பார்க்கிறது, மற்றொன்று வெப்பமானியைப் பார்க்கிறது. கீழே சொல்வது 2025-26 குளிர்காலக் கணக்கு.

வயதைப் பார்ப்பது வின்டர் ஃபியூவல் பேமென்ட். 1959 செப்டம்பர் 22-க்கு முன் பிறந்தவர்களுக்கு உரியது. வீட்டுக்கு 200 பவுண்ட்; 80 வயது நிரம்பியவர் இருந்தால் 300. அதே வீட்டில் தகுதியுள்ள இரண்டு முதியவர்கள் இருந்தால் பொதுவாகத் தொகை பிரிந்து வரும். 2024-இல் பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைந்த முதியவர்களுக்கான அரசு உதவி) போன்ற உதவித்தொகை வாங்குபவர்களுக்கு மட்டும் என்று அரசு சுருக்கியது. எதிர்ப்பு கிளம்பியதும் அடுத்த ஆண்டே பின்வாங்கியது. இப்போது எல்லோருக்கும் வரும், ஆனால் ஆண்டு வருமானம் 35,000 பவுண்டைத் தாண்டுபவரிடமிருந்து வரித்துறை திரும்ப எடுத்துக்கொள்ளும். தனிநபர் வருமானம்தான் கணக்கு. மகனின் சம்பளம் சேராது.

பெயரைப் பார்ப்பது வார்ம் ஹோம் டிஸ்கவுண்ட். நாங்கள் சறுக்கியது இதில்தான். மின்கட்டணத்தில் ஒருமுறை 150 பவுண்ட் கழிவு. கையில் பணமாக வராது. பென்ஷன் கிரெடிட், வேலை செய்யும் வயதினருக்கான யூனிவர்சல் கிரெடிட் போன்ற வருமானம் பார்த்துத் தரும் உதவித்தொகை வாங்குபவர்களுக்கு இது உண்டு. வீட்டைச் சூடாக்க அதிகச் செலவாக வேண்டும் என்ற பழைய நிபந்தனையை 2025-இல் எடுத்துவிட்டார்கள். ஆனால் 2025 ஆகஸ்ட் 24 அன்று மின்கணக்கு அவர் பெயரிலோ அவருடைய துணைவர் பெயரிலோ இருந்திருக்க வேண்டும். அம்மாவுக்குப் பென்ஷன் கிரெடிட் உண்டு, பில்லோ என் பெயரில். மகன், மகள் வீட்டோடு இருக்கும் நம் பெற்றோர் பலரின் நிலை இதுதான். அடுத்த தகுதித் தேதிக்கு முன்பே அம்மாவையும் கணக்கில் சேர்க்கலாமா என்று மின் நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள்; பெயர் சேர்ந்தால் பில் கட்டும் பொறுப்பும் சேரும் என்பதை அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

பென்ஷன் கிரெடிட்டே கேட்காமல் இருப்பவர்கள் முதலில் அதைக் கேட்க வேண்டும். "பிள்ளைகளோடுதானே இருக்கிறேன், எனக்கு எப்படித் தருவார்கள்?" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். பிள்ளைகளின் வருமானத்தை அதில் பார்ப்பதில்லை. 2025-26 கணக்கில், தனியாளின் வார வருமானம் 227.10 பவுண்டுக்குக் குறைவாக இருந்தால் அதுவரை நிரப்பித் தருவார்கள், தம்பதிக்கு 346.60. தகுதி முன்பே இருந்திருந்தால் 3 மாதம் பின்தேதியிட்டும் கேட்கலாம். விசாவில் பொதுநிதி (அரசின் உதவித்தொகைகள்) பெறத் தடை இருந்தால் மட்டும் ஆலோசனை கேட்காமல் விண்ணப்பிக்காதீர்கள்.

வெப்பமானியைப் பார்ப்பது கோல்ட் வெதர் பேமென்ட். நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, உங்கள் போஸ்ட்கோடுக்கான வானிலை நிலையத்தில் தொடர்ந்து 7 நாட்களின் சராசரி வெப்பநிலை பூஜ்யம் அல்லது அதற்குக் கீழே பதிவானாலோ, அப்படி முன்னறிவிப்பு வந்தாலோ 25 பவுண்ட். ஒரே ஒரு இரவு மைனஸ் ஐந்துக்குப் போனால் போதாது. பென்ஷன் கிரெடிட் வாங்குபவருக்கு உண்டு. யூனிவர்சல் கிரெடிட் வாங்குபவருக்கு ஊனம், சிறு குழந்தை என்று கூடுதல் நிபந்தனைகள் உள்ளன. ஸ்காட்லாந்தில் குளிர் எவ்வளவு என்று பார்க்காமல் ஆண்டுக்கு ஒருமுறை தரும் வேறு திட்டம் நடக்கிறது.

இந்த மூன்றும் பெரும்பாலும் தாமாகவே வரும். ஆகவே, "வின்டர் ஃபியூவல் பணம் பெற இந்த லிங்கை அழுத்தி வங்கி விவரம் கொடுங்கள்" என்று குறுஞ்செய்தி வந்தால் அது மோசடி. அம்மாவின் போனுக்கும் வந்தது. நல்லவேளை, அவருக்கு லிங்கை அழுத்தத் தெரியாது.