சிப்பின் முதுகில் ஏன் ஒரு யன்னல்?

கொக்குவிலில் இருந்து ஓர் உயர்தர மாணவி கேட்டிருக்கிறார்: "பழைய இரும்புக்கடையில் வாங்கிய ஒரு போர்ட்டில் நீளமான ஐசி ஒன்று இருந்தது. மேலே ஒட்டியிருந்த ஸ்ரிக்கரை உரித்தால் அடியில் வட்டமான கண்ணாடி யன்னல், உள்ளே சிலிக்கன் மினுங்குகிறது. இதை எதற்கு வைத்தார்கள்? உரித்ததால் பழுதாகிவிடுமா?"

முதலில் அந்த ஸ்ரிக்கரைத் திரும்ப ஒட்டிவிடுங்கள் தங்கச்சி. மேசையில் ஓரிரு நாள் திறந்து கிடந்ததால் ஒன்றும் ஆகியிராது. ஆனால் முற்றத்து வெயிலில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

உங்களிடம் இருப்பது ஈப்ரொம். மின்சாரம் போனாலும் எழுதியதை மறக்காத நினைவகம். வேண்டாதபோது அழித்துவிட்டு மீண்டும் எழுதலாம். அழிப்பது மின்சாரமல்ல, வெளிச்சம். அதற்காகத்தான் யன்னல்.

திரான்சிஸ்டர் பற்றிப் பள்ளியில் படித்திருப்பீர்கள். கேற் என்ற அதன் கட்டுப்பாட்டு முனைக்கு மின்னழுத்தம் கொடுத்தால் கீழே மின்னோட்டப் பாதை திறக்கும், எடுத்தால் மூடும். ஈப்ரொமில் அந்தக் கேற்றுக்கும் சிலிக்கனுக்கும் நடுவே இன்னொரு கேற் இருக்கிறது. அதற்கு எந்த வயர்த் தொடுப்பும் கிடையாது. நாற்புறமும் சிலிக்கன் ஈரொட்சைட்டு என்ற, மின்சாரம் கடத்தாத அருமையான காவலி சூழ, தனியே மிதக்கிறது. இந்த மிதக்கும் கேற்றை 1967இல் பெல் ஆய்வுகூடத்தில் டாவொன் காங், சைமன் சே இருவரும் முன்வைத்தார்கள். 1971இல் இன்டெல்லில் டொவ் ஃபுரோமன் அதை வைத்து முதல் ஈப்ரொமை உருவாக்கினார். 1702 என்ற அந்தச் சிப்பின் கொள்ளளவு 256 பைற்.

தொடுப்பே இல்லாத இடத்துக்குள் இலத்திரன் எப்படிப் போகும்? ஒட்சைட்டு ஒரு மதில் மாதிரி. சிலிக்கனில் இருக்கும் இலத்திரன் அதைத் தாண்ட ஏறக்குறைய 3.1 இலத்திரன் வோல்ற் சக்தி வேண்டும். சாதாரணமாக 5 வோல்ற்றில் வேலை செய்யும் சிப்புக்கு, எழுதும்போது மட்டும் 12.5 வோல்ற் கொடுப்பார்கள். 2716 என்ற பழைய ஈப்ரொமுக்கு 25 வோல்ற். அந்த அழுத்தத்தில் இலத்திரன்கள் வேகமெடுத்துப் பாய்கின்றன. பெரும்பாலானவை நேரே கடந்து போய்விடும். மிகச் சில மட்டும் போதுமான சக்தி பெற்று, மேலே இழுக்கப்பட்டு, மதிலைத் தாண்டி மிதக்கும் கேற்றுக்குள் விழுகின்றன. மின்சாரத்தை நிறுத்தியதும் அவை அங்கேயே அகப்பட்டுக் கொள்கின்றன. அவற்றின் மறை ஏற்றம் திரான்சிஸ்டரைத் திறக்கவிடாது. அதைச் சிப் 0 என வாசிக்கும், ஏற்றம் இல்லாததை 1 என வாசிக்கும். வெறுமையான ஈப்ரொம் முழுக்க 1ஆக இருப்பது இதனால்தான். பத்து வருடம், அதற்கு மேலும், அந்த இலத்திரன்கள் அசையாமல் இருக்கும்.

இனி அவற்றை வெளியே எடுப்பது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். உயர்தரத்தில் ஒளிமின் விளைவு படிக்கிறீர்களே, ஐன்ஸ்டைனின் அதே கணக்கு இந்தச் சிப்புக்குள் நடக்கிறது. ஒரு போட்டோன், அதாவது ஓர் ஒளித்துணிக்கை, ஓர் இலத்திரனுக்குத் தன் சக்தியைக் கொடுக்கும். அந்தச் சக்தி மதிலின் உயரத்துக்குக் காணாதென்றால் எத்தனை கோடிப் போட்டோன் விழுந்தாலும் பயனில்லை. 3.1 இலத்திரன் வோல்ற்றை அலைநீளமாக மாற்றிப் பாருங்கள், 400 நனோமீற்றர் வரும். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி முடிந்து கழியூதாக் கதிர் தொடங்குவது ஏறத்தாழ அங்கேதான்! ஈப்ரொமைத் தயாரிப்பவர்கள் தரும் தரவுத்தாள்களும் 400 நனோமீற்றருக்குக் குறைந்த அலைநீளத்தில் அழிவு தொடங்குகிறது என்றே சொல்கின்றன. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் அதை அசைக்காது, தெரியாத வெளிச்சம் அழித்துவிடும். இயற்கை இவ்வளவு பொருத்தமாகக் கோடு போட்டிருப்பதை நினைக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மகிழ்ச்சிதான்.

முறைப்படி அழிக்க இரச ஆவி விளக்கின் 253.7 நனோமீற்றர் கதிரைப் பயன்படுத்துவார்கள். அதன் ஒரு போட்டோனில் 4.9 இலத்திரன் வோல்ற் இருக்கிறது, தாராளம். இரண்டரைச் சதமமீற்றர் தூரத்தில் பிடித்தால் 15 முதல் 20 நிமிடத்தில் வேலை முடியும். சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிரை மறித்துவிடும் என்பதால் யன்னலைக் குவாட்சில் செய்தார்கள். வீடுகளில் குடிதண்ணீர் வடிகட்டும் கருவியில் கிருமி கொல்லும் விளக்கும் இதே அலைநீளம்தான். அதை வெளியே கழற்றி எரியவிட்டுப் பார்க்க வேண்டாம், கண்ணையும் தோலையும் சுட்டுவிடும். ஒளிபுகாத பெட்டிக்குள் மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

யாழ்ப்பாணத்து வெயில் போதாதா என்று கேட்பீர்கள். 253.7 கதிரை ஓசோன் படலம் மேலேயே உறிஞ்சிவிடுகிறது. 300க்கும் 400க்கும் இடைப்பட்டது நிலத்துக்கு வருகிறது, அது மெதுவாக அழிக்கும். நேரடி வெயிலில் ஏறக்குறைய ஒரு கிழமை, புளோரசன்ட் விளக்கு எரியும் அறையில் ஏறக்குறைய மூன்று வருடம் என்பது தரவுத்தாள் சொல்லும் கணக்கு.

அப்புறம் வந்த ஃபிளாஷ் நினைவகத்தில் ஒட்சைட்டு மிக மெல்லியது. வெளிச்சம் தேவையில்லை, இலத்திரன்கள் மதிலுக்கு ஊடாகவே வெளியேறுகின்றன. அது குவாண்டம் இயற்பியல், தனிக் கட்டுரைக்கு உரியது. ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையில் நீங்கள் ஏற்றும் புரோகிராம் அப்படியொரு மிதக்கும் கேற்றில்தான் இருக்கிறது.

ஃபுரோமனுக்கு இந்த எண்ணம் எப்படி வந்தது தெரியுமா? வேறொரு நினைவகச் சிப் ஏன் பிழைவிடுகிறது என்று தேடியபோது, சில கேற்றுகள் தொடுப்பு அறுந்து மிதப்பதைக் கண்டார். அந்தக் குறையையே நினைவகமாக்கினால் என்ன என்று யோசித்தார். இப்படியொரு தேடலுக்கு முன்கூட்டியே "இதனால் என்ன பயன்" என்று விண்ணப்பம் எழுத முடியாது. இலங்கை ஆய்வுக்கும் அபிவிருத்திக்கும் செலவழிப்பது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் கால் வீதம்கூட இல்லை. அதற்குள்ளும் பயன் உறுதியான திட்டத்துக்கே பணம் என்றால், பிழையைத் துருவிப் பார்க்க இளம் ஆய்வாளருக்கு நேரம் எங்கே கிடைக்கும்?

இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. பொன்முலாம் பூசிய பழைய ஈப்ரொம்களைத் தங்கத்துக்காக அமிலத்தில் போடுகிறார்கள். கிடைப்பது துளி, சுவாசிப்பது நஞ்சு. உள்ளே யாரோ எழுதிய, வேறெங்கும் பிரதி இல்லாத புரோகிராம் இருக்கக்கூடும். மின்சாரம் இல்லாத 90களில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஊர் இது. ஒரு சாமானின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அழிப்பது எங்கள் பழக்கமில்லை.

ஆகவே அழிக்கும் முன் வாசித்துக் கணினியில் சேமித்து வையுங்கள். மேலே 27சி256 என்று இருந்தால் அது 32 கிலோபைற். 28 கால்களில் முகவரிக்கு 15, தரவுக்கு 8. மிச்சம் ஐந்தில் இரண்டு மின்வழங்கலுக்கு, இரண்டு தெரிவுக்கு, ஒன்று எழுதும் அழுத்தத்துக்கு. வாசிக்கும்போது அந்த எழுதும் காலையும் 5 வோல்ற்றிலேயே கட்டிவிடுங்கள், தெரிவுக் கால்கள் இரண்டையும் தரையில் கட்டுங்கள். ஆர்டுயினோ மெகாவில் இதற்குப் போதிய கால்கள் உண்டு. முகவரியை 0இலிருந்து ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனால் 32,768 பைற்றும் வரிசையாக வரும். இரண்டு தரம் வாசித்து, இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.