குழையலும் மிகையுணர்ச்சியும்

போன மாதம் திருகோணமலைச் சுவாமி மலையில் நடந்தது. இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவுக்குக் கிட்ட ஒரு வழிகாட்டி, வெள்ளைக்காரத் தம்பதி ஒன்றுக்கு ஒல்லாந்துப் பெண்ணின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். காதலன் கப்பலேறிப் போய்விட்டான், அவள் பாறை உச்சியிலிருந்து கடலில் குதித்தாள் என்று இங்கே எல்லாரும் சொல்லும் கதைதான். 1687 என்று பொறித்த தூண்கூட அங்கே நிற்கிறது. கதை முடிந்ததும் அந்த அம்மா புருஷனைப் பார்த்துச் சிரித்து, "சொப்பி" என்றார். வழிகாட்டிக்கு விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற பொடியன் ஒருவன் உதவிக்கு வந்தான்: "உணர்ச்சிவசப்பட்டுட்டாங்களாம், அண்ணா."

வழிகாட்டிக்கு முகமெல்லாம் பூரிப்பு. கண்ணீரை இன்னும் கொஞ்சம் கூட்டிக் கதையை முதலிலிருந்து தொடங்கிவிட்டார்.

சொப்பி என்பது அளவு மிஞ்சி வழியும் உணர்ச்சியை நக்கலடிக்கும் ஆங்கிலச் சொல். ஆனாலும் பொடியனில் பிழையில்லை. சப்டைட்டிலில், மொழிபெயர்ப்புக் கதையில், அகராதியில் எங்கே பார்த்தாலும் இந்த "உணர்ச்சிவசப்பட்ட"தான் கிடக்கிறது. அவன் வேறு எதைச் சொல்வான்?

ஆங்கிலத்தில் இந்தக் கேலிச் சொற்கள் ஒரு கூட்டமாக இருக்கின்றன. அநேகமானவை ஈரமும் பிசுபிசுப்பும் உள்ளவை. சொப்பி, பாலிலோ சூப்பிலோ ஊறிய ரொட்டித் துண்டிலிருந்து வந்தது. மஷி, சோளமாக் களி போன்றது. சப்பி, மரத்தில் வடியும் சாறு. ஷ்மால்ட்சி என்பது கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியில் உருக்கிய கோழிக் கொழுப்பு. மோகிஷ் கொஞ்சம் அருவருப்பு: அதன் வேர் புழுவைக் குறிக்கும் பழைய சொல், முதலில் குமட்டலைக் குறித்து, பிறகுதான் குமட்டும் அன்பைக் குறித்தது. சரி, வேர் போதும்.

இதில் எங்கே "வசப்படுதல்" இருக்கிறது? தமிழில் உணர்ச்சிவசப்பட்டால் கையும் நீளும். "உணர்ச்சிவசப்பட்டு அடித்துவிட்டேன்" என்று பொலிஸில் வாக்குமூலம் கொடுப்பார்கள். கூட்டத்தில் உணர்ச்சிவசப்பட்டுக் கத்துவார்கள். ஊறிய ரொட்டி யாரையும் அடிக்காது. தூய தமிழ் நண்பர்கள் இதைத் திருத்தப் புறப்பட்டு "உணர்ச்சிவயப்பட்ட" என்று எழுதுகிறார்கள். ஒரு சகரம் யகரமானது, பொருள் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

"உருக்கமான" என்று போடுகிறவர்கள் செய்வது இதைவிட மோசம். தமிழில் உருகுவது பெருமை. திருவாசகத்துக்கு உருகார் ஒரு வாசகத்துக்கும் உருகார் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். "காதலாகிக் கசிந்து கண்ணீர் மல்கி" என்ற சம்பந்தர்தான் எங்கள் கோணமலைக்கும் பதிகம் பாடினார். உருக்கம், கசிவு, நெகிழ்ச்சி எல்லாம் நமக்கு நல்ல சொற்கள். அவற்றை ஏளனத்துக்குக் கொண்டுபோனால், கேட்கிறவர் அந்த வழிகாட்டியைப் போல நன்றிதான் சொல்வார்.

இப்போது செல்வாக்கோடு இருப்பது "மிகையுணர்ச்சி". எனக்குப் பெரிய சண்டையே இதோடுதான். பொருள் பிழை என்று சொல்லமாட்டேன்; கட்டுரையில், திறனாய்வில் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் கேலிக்கு உதவாது. மொழிபெயர்ப்பாளர் கையில் "மிகை" ஒரு ரப்பர் முத்திரையாகிவிட்டது. மிகைநுகர்வு, மிகைஉற்பத்தி, மிகைமதிப்பீடு என்று எதிலும் குத்துகிறார்கள். அந்த வரிசையில் மிகையுணர்ச்சியைப் படித்தால், மருந்து ஒத்துக்கொள்ளாமல் தோல் தடித்துப்போன நோயாளிதான் ஞாபகத்துக்கு வருகிறார். அண்மையில் படித்த ஒரு மொழிபெயர்ப்புக் கதையில் மனைவி கட்டிலில் சாய்ந்துகொண்டு கணவனிடம், "மிகையுணர்ச்சி கொள்ளாதே" என்கிறாள். எந்த வீட்டில் எந்த மனுசி இப்படிக் கதைப்பாள்? உப்புவெளியில் என் மச்சான் கலியாண நாளுக்கு மனைவியைப் பற்றி முகநூலில் இரண்டு பக்கம் எழுதினார், நிலவு, தேவதை, ஏழேழு பிறவி எல்லாம் போட்டு. மச்சாள் அதை வாசித்துவிட்டுச் சொன்னது இரண்டே சொல்: "சும்மா குழையாதீங்க."

அவ்வளவுதான், சொல் கையில் இருக்கிறது. தண்ணீர் கூடி, அடுப்பில் நேரமும் கூடினால் சோறு குழைந்துபோகும். பருக்கை பருக்கையாக நிற்க வேண்டியது ஒன்றோடொன்று ஒட்டிக் களியாகிவிடும். அளவு மிஞ்சிய அன்புப் பேச்சும் அதே பதம்தான். ஆகவே சொப்பிக்கும் மஷிக்கும் ஷ்மால்ட்சிக்கும் நான் "குழையல்" என்பேன்: குழையல் வசனம், குழையல் கவிதை, குழையல் முடிவு.

இரண்டு மறுப்புகள் வந்தன. ஒரு நண்பர், சமையலறைச் சொல் அச்சில் எடுபடாது என்றார். ஆங்கிலேயன் எங்கிருந்து எடுத்தான், நூலகத்திலிருந்தா? இன்னொருவர் கேட்டதில் நியாயம் உண்டு. நம் வீடுகளில் குழையல் சோறு ருசியான பண்டம் அல்லவா. மிஞ்சிய சோற்றையும் கறியையும் சட்டியில் போட்டுப் பிசைந்து அம்மா உருட்டித் தந்தால் சண்டை பிடித்துத் தின்போமே, அது எப்படி ஏளனமாகும்? நானும் இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் அந்தக் கோழிக் கொழுப்பையும் யூதர்கள் ரொட்டியில் பூசி ஆசையாகத்தான் தின்றார்கள். இந்தச் சொற்களில் வெறுப்பை விடச் செல்லமான நக்கல்தான் அதிகம். பாட்டுக்காரனின் குரலில் குழைவு நல்லது, சோற்றில் கொஞ்சம் கூடிப்போனது: அந்த இரண்டுங்கெட்டான் நிலையைத்தான் குழையல் பிடிக்கிறது.

எல்லாவற்றுக்கும் இது பொருந்தும் என்று சொல்லமாட்டேன். மோட்லின் வேறு ரகம். ஓவியங்களில் அழுதுகொண்டே இருக்கும் மகதலா மரியாளின் பெயர் ஆங்கில வாயில் திரிந்து வந்தது அது. இப்போது பெரும்பாலும் குடித்துவிட்டு, முப்பது வருடத்துக்கு முந்திய காதலியை நினைத்து மூக்குச் சிந்துகிறவருக்குச் சொல்கிறார்கள். அதற்கு "வெறி அழுகை" போதும். எங்கள் ஒழுங்கையில் சனிக்கிழமை இரவுகளில் விளக்கமில்லாமலே விளங்கும். கோர்னி என்பதைச் சோளம் தின்று வளர்ந்த நாட்டுப்புறத்தானின் இசை என்று அமெரிக்கப் பாட்டுக்காரர்கள் நக்கலடித்ததாகச் சொல்வார்கள். அதற்குப் புதிதாக ஒன்றும் உருட்ட வேண்டாம். "புளித்துப்போன பகிடி" என்று ஏற்கெனவே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம், அதுவும் அடுப்படியிலிருந்து வந்ததுதான்.