ஆழமானி ஊமையானால் முதலில் காற்றைத் தேடுங்கள்

படகின் ஆழமானியில் எண் மறைந்து வெறும் கோடுகள் மின்னத் தொடங்கியதும், "சென்சார் போச்சு" என்று புதியது வாங்கக் கிளம்புகிறவர்கள் பலர். அவசரம் வேண்டாம். அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால், பழுது எங்கே என்பது பாதி பிடிபட்டுவிடும்.

டிரான்ஸ்டியூசர் எனப்படும் அந்தச் சென்சாருக்குள் ஒரு பீங்கான் வில்லை இருக்கிறது. மின்சாரம் கொடுத்தால் அதிரும். அதிர்வு வந்து தட்டினால் மின்சாரம் தரும். வாயும் அதுவே, காதும் அதுவே. படிகங்களில் இந்த அழுத்தமின் விளைவை 1880இல் கண்டறிந்தவர்கள் கியூரி சகோதரர்கள். முதல் உலகப்போர்க் காலத்தில், நீர்மூழ்கிகளைத் தேடுவதற்காக அதைத் தண்ணீருக்குள் கொண்டுபோனார் பால் லாஞ்சவன்.

தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் ஓடும். 15 மீட்டர் ஆழத்தில் தரையைத் தொட்டுத் திரும்ப 0.02 நொடி. அந்த நேரத்தை அளந்துதான் கருவி ஆழத்தைச் சொல்கிறது. ஆனால் தண்ணீரிலிருந்து காற்றுக்குள் நுழைய முயலும் ஒலி, ஏறக்குறைய முழுவதுமாகத் திருப்பியடிக்கப்படும். அதனால் வில்லைக்கும் தரைக்கும் நடுவே மெல்லிய காற்றுப்படலம் இருந்தாலே போதும், எதிரொலி வந்து சேராது.

நிற்கும்போது சரியாகக் காட்டி, வேகமெடுத்ததும் எண் தொலைந்தால் சென்சார் பெரும்பாலும் நலம்தான். முகத்தின் மேல் குமிழிகள் ஓடுகின்றன, அதைப் பொருத்திய இடமோ கோணமோ தவறு. பாசியும் கொட்டலசும் படிந்திருந்தால் மெதுவாகச் சுரண்டுங்கள், முகத்தில் கீறல் விழக்கூடாது. படகு கரையில் இருக்கும்போது கருவியை இயக்கிச் சென்சாரில் காது வைத்தால் பல வகைகளில் 'டிக் டிக்' என்று கேட்கும். சென்சார் எழுப்பும் 200 கிலோஹெர்ட்ஸ் போன்ற உயர் அதிர்வெண் ஒலி நம் செவிக்கு எட்டாது. கேட்பது துடிப்புகள் விட்டுவிட்டு வரும் ஓசை. கேட்டால் வாய் வேலை செய்கிறது என்று அர்த்தம். உடனே அணைத்துவிடுங்கள், காற்றில் நெடுநேரம் ஓடினால் சில சென்சார்கள் சூடாகிக் கெடும். கனெக்டரில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதும் முக்கியம். திரும்பி வரும் மின்குறிப்பு மிகச் சன்னமானது, சிறு அரிப்பே அதை விழுங்கிவிடும்.

மாற்றியே ஆக வேண்டுமென்றால், அதிர்வெண் கருவியோடு பொருந்த வேண்டும். மரப்படகில் துளையிட்டுப் பொருத்துவதற்கு வெண்கல உறையே நல்லது. மரம் நீரில் ஊதும்போது பிளாஸ்டிக் உறை வெடிக்கலாம். அலுமினியப் படகில் வெண்கலம் கூடவே கூடாது, உப்புநீரில் அலுமினியத்தை அரித்துவிடும். ஃபைபர் படகாக இருந்தால் துளையே போடாமல் உள்பக்கம் எபாக்சியில் ஒட்டிவிடலாம். ஆனால் அந்த இடம் கெட்டி ஃபைபராக இருக்க வேண்டும், நடுவில் நுரையோ பால்சா மரமோ இருந்தால் அதிலுள்ள காற்று ஒலியைத் தடுக்கும். எபாக்சியில் ஒரு குமிழி சிக்கினாலும் அதே கதிதான். எனவே ஒட்டுவதற்கு முன், தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பையை அந்த இடத்தில் வைத்து, அதன்மேல் சென்சாரை அழுத்தி, ஆழம் சரியாகக் காட்டுகிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிட வேலை.

கேபிளை வெட்டி ஒட்டாதீர்கள். நீளம் மிஞ்சினால் சுருட்டி வையுங்கள்.

புதிய சென்சார் பழையதைவிட மேலேயோ கீழேயோ அமர்ந்திருக்கும். கருவி அளப்பதோ அதன் முகத்திலிருந்து. அடிக்கட்டைக்குக் கீழே எவ்வளவு நீர் இருக்கிறது என்று காட்டும்படி திருத்த எண்ணை மறுபடி பதியுங்கள். பிறகு அமைதியான நீரில் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி, இரண்டு அளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.